கச்சான் பட்டரை இப்போதே விற்கலாமா, மெசின் வந்த பிறகா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். விசுவமடுவில் சொந்தக் காணியில் விளைந்த கச்சானை (நிலக்கடலையை) வீட்டிலேயே வறுத்து அரைத்துப் போத்தலில் அடைக்கிறீர்கள். இரண்டு நாளில் எண்ணெய் மேலே வந்து நிற்கிறது, நாக்கில் கொஞ்சம் நறநறக்கிறது, லேபிள் கையெழுத்தில் இருக்கிறது. கடன் எடுத்து மெசின் வாங்கி எல்லாவற்றையும் சரிப்படுத்திய பிறகு விற்பதா, அல்லது இப்படியே வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குக் கொண்டுபோய்த் தொடங்கிவிட்டுப் போகப்போகத் திருத்துவதா? மெசினைப் பற்றிய கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் குறையோடு ஒரு சாப்பாட்டுப் பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கலாம், எந்தக் குறையோடு கொடுக்கக் கூடாது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்லலாம். சுருக்கமாகச் சொன்னால்: விற்கத் தொடங்கலாம், மெசினுக்கு இப்போது அவசரமில்லை, பொங்கலில் தொடங்க வேண்டாம். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

"குறையோடு தொடங்கு, பிறகு திருத்து" என்ற யோசனை கணினி மென்பொருள் செய்கிறவர்களிடமிருந்து பரவியது. அவர்கள் பிழையைக் கண்டால் அன்றிரவே எல்லோருடைய போனிலும் மாற்றிவிடலாம். தருமபுரத்தில் ஒருவர் வீட்டு அலுமாரியில் இருக்கும் போத்தலை அப்படி மாற்ற முடியாது. இருந்தாலும் அந்த யோசனையில் உண்மை இருக்கிறது: வாங்கியவர் திரும்பி வந்து குறை சொல்வார், அதைக் கேட்டுத் திருத்தலாம், வீட்டுக்குள் இருந்து யோசித்துத் திருத்துவதைவிட அது விரைவானது. ஆகவே வாங்கியவர் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியும் குறை எதுவாக இருந்தாலும், அதை விற்றுக்கொண்டே திருத்தலாம். அவருக்குத் தெரியவே தெரியாத குறையை எத்தனை வருடம் விற்றாலும் திருத்த முடியாது, ஏனென்றால் அதைப் பற்றி ஒருவரும் வந்து சொல்லமாட்டார். எண்ணெய், நறநறப்பு, லேபிள் என்று நீங்கள் எழுதிய மூன்றும் முதல் வகை. இரண்டாம் வகையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

கச்சானில் அந்த இரண்டாம் வகையில் முதலாவது அஃப்லாடொக்சின். பூஞ்சணம் பிடித்த பருப்பில் உண்டாகும் நஞ்சு இது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது, தாக்குவது ஈரலை. சாதாரண வறுவல் சூட்டில் ஓரளவு குறையுமே தவிர முழுதாக அழியாது. அரைத்த பிறகு நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்கவும் முடியாது. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கச்சானுக்குச் சர்வதேச உணவுத் தர விதித்தொகுப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் 15 பங்கு. இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான பருப்பு சுத்தமாக இருக்க, ஏதோ ஒன்றில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பருப்பே 5 கிலோ அரைவையை எல்லைக்கு மேலே தள்ளப் போதும். ஆகவே ஒரு போத்தலைக் கொடுத்துப் பரிசோதித்து "சரி" என்று வந்தாலும், அது அந்த அரைவைக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த மூட்டைக்குச் செல்லாது.

தடுப்பு வேலை காணியிலேயே தொடங்குகிறது. அறுவடைக்கு முந்திய நான்கு முதல் ஆறு கிழமை நிலம் சுட்டுக் காய்ந்தால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சணம் ஏறிவிடும். சிறுபோகத்தில் கிணறு வற்றிக் கடைசி மாதம் தண்ணீர் கட்ட முடியாமல் போன பாத்தியின் கச்சானை பட்டருக்கு எடுக்காதீர்கள். தனியாக அடையாளப்படுத்தி வையுங்கள். காலபோகக் கச்சானுக்கு ஆபத்து மறுபக்கத்தில்: பிடுங்கிய பிறகு விழும் பின்மழை. செடியைக் கவிழ்த்து வாட்டி, காயைப் பறித்து, படங்கில் மெல்லியதாகப் பரப்பி, மாலையில் மூடி, குலுக்கினால் உள்ளே சலசலக்கும் வரை காயவிட வேண்டும். பருப்பின் ஈரம் 7 வீதத்துக்குக் கீழே வரவேண்டும். இதை வீட்டிலேயே பார்க்கலாம்: நொறுக்கிய பருப்பு 100 கிராமைத் துல்லியமாக நிறுத்து, 105 பாகை செல்சியஸ் அளவில் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை மணிக்கொரு தரம் நிறுங்கள். குறைந்த கிராம்தான் ஈர வீதம். 0.1 கிராம் காட்டும் தராசு இதற்குப் போதும். மண்வெட்டி பட்டு உடைந்த காய்களை மூட்டையில் சேர்க்காதீர்கள். உடைக்க இலகுவாக இருக்கும் என்று காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பூஞ்சணத்துக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை, செய்யவே கூடாது.

பிறகு தெரிவு. இதை இரண்டு தடவை செய்ய வேண்டும், அதுவும் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல். உடைத்தவுடன் சுருங்கியது, கறுத்தது, முளைத்தது, பூச்சி துளைத்தது, சாம்பல் அல்லது பச்சை படிந்தது எல்லாவற்றையும் எடுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு இன்னொரு தடவை: தோல் கழராமல் நிற்கும் பருப்பு, மற்றவற்றைவிடக் கறுப்பாக வறுபட்ட பருப்பு இரண்டையும் அகற்றுங்கள். கெட்ட பருப்பு பெரும்பாலும் இந்த இரண்டு குறியில் ஒன்றைக் காட்டும். 10 கிலோ காய்ந்த காயில் 6.5 முதல் 7 கிலோ பருப்பு கிடைக்கும். இரண்டு தெரிவும் வறுவல் இழப்பும் தோலும் போக 5.5 முதல் 6 கிலோ மிஞ்சும். உங்கள் கணக்கில் இழப்பு இதைவிட நன்றாகக் குறைவாக வந்தால், கச்சான் அருமையாக விளைந்தது என்று சந்தோஷப்பட முன்னர் தெரிவு சரியாக நடந்ததா என்று பாருங்கள். எடுத்த கழிவை ஆட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள், எண்ணெய்க்கும் ஆட்டாதீர்கள். புதைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கிருமி. கச்சான் பட்டரில் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் வயிற்று நோய் தரும் சல்மொனெல்லாக் கிருமி அதில் பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2008–09இல் அமெரிக்காவில் ஒரே ஒரு உற்பத்தியாளரின் கச்சான் பொருள்களால் 700க்கு மேற்பட்டோர் நோயுற்று 9 பேர் இறந்தார்கள். அவர்களிடம் பெரிய மெசின்கள் இருந்தன என்பதைக் கடன் எடுக்கும் யோசனையோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அளவில் இது நுழையும் வழி மிகச் சாதாரணமானது: பச்சைக் கச்சான் புடைத்த சுளகிலேயே வறுத்த கச்சானையும் புடைப்பது. பச்சைக்கு ஒரு சுளகு, தட்டு, துடைப்பம், வறுத்ததற்கு வேறு. நிறக்கயிறு கட்டிப் பிரித்து வையுங்கள். வறுவல் சீராக இருக்க வேண்டும்: அரிதட்டில் சலித்து ஒரே அளவுப் பருப்பாக்கி, ஓவன் என்றால் 160 பாகையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி 20 முதல் 25 நிமிடம், இடையில் இரண்டு மூன்று தரம் கிளறி. தாச்சியில் மணல் போட்டு வறுப்பதாக இருந்தால் கை நிற்கக் கூடாது, மணலைப் பிறகு முழுதாகச் சலித்தெடுக்க வேண்டும். உங்கள் நறநறப்பில் ஒரு பங்கு மணலாகவே இருக்கக்கூடும். இறக்கிய பிறகும் உள்ளே சூடு வேலை செய்யும் என்பதால், விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்னரே இறக்கி விசிறியின் கீழ் பரப்புங்கள். வறுத்தது முதல் மூடி பூட்டும் வரை தண்ணீர் கிட்டவும் வரக்கூடாது. கிரைண்டரை ஒவ்வொரு தடவையும் கழுவி அரைகுறையாகக் காயவிடுவதைவிட, உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது. கழுவினால் முழுதாகக் காய்ந்த பிறகு, மறுநாள்தான் அரைக்க வேண்டும். போத்தலுக்கும் அதே விதி.

மூன்றாவது எடையும் எழுத்தும். இவை பார்த்தால் தெரியும் போலத்தான் இருக்கும், ஆனால் யாரும் வீட்டில் நிறுத்துப் பார்ப்பதில்லை. 200 கிராம் என்றால் போத்தல் நீங்கலாக 200. 202 அல்லது 203 வரை நிரப்புங்கள். விற்பனைக்குப் பயன்படும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள் கூடியது முதல் குறைந்தது வரை, தேறிய நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலை, உங்கள் பெயர் முகவரி இருக்கட்டும். "இதில் நிலக்கடலை உண்டு" என்று தனியாகப் பெரிதாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது உயிர் விசயம். முன்பள்ளிக்குக் கொடுக்கக் கேட்டால், பெற்றோரிடம் விசாரித்துச் சொல்லும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பதில் வராமல் கொடுக்காதீர்கள். இங்கே உணவு விற்பனையை ஆள்வது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும். ஒழுங்குவிதிகள் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே லேபிள் மொழி, இடப் பதிவு பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முதல் போத்தலுக்கு முன்னரே போய்க் கேளுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். லேபிள் கையெழுத்தில் இருப்பது ஒரு குறையே இல்லை, வாசிக்க முடிந்தால் போதும். ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்தால், சேர்மானத்தை மாற்ற வேண்டி வரும்போது "லேபிள் கிடக்கிறதே" என்று மாற்றாமல் விடுவீர்கள்.

இனி நீங்கள் கவலைப்படும் குறைகளுக்கு வருகிறேன். கச்சானில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அரைத்தால் அது வெளியே வந்து மேலே நிற்பது இயல்பு, கெட்டதன் அடையாளம் இல்லை. "எண்ணெய் மேலே நின்றால் கிளறிப் பூசவும்" என்று லேபிளில் எழுதிவிட்டு விற்கலாம். இன்னும் நைசாக அரைத்தால் பிரிவது தாமதமாகும், நிற்காது. நிறுத்த வேண்டுமென்றால் முழுதாக ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு 1 முதல் 2 வீதம் சேர்த்து, பசை 70 பாகைக்குக் கிட்ட இருக்கும்போது உருக்கிக் கலந்து, விரைவாகக் குளிரவைக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் சேர்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 25 பாகைக்குக் கிட்டவே உருகிவிடும். வன்னி வெயிலில் தண்ணீராகத்தான் நிற்கும். என் அபிப்பிராயம், "வேறொன்றும் சேர்க்காதது" என்று சொல்லி விற்க முடிகிற பொருளில் இந்தக் கொழுப்பைச் சேர்க்க ஆட்கள் கேட்கும் வரை அவசரப்படக் கூடாது. நறநறப்பும் அப்படித்தான்: சிலர் அதையே விரும்பி வாங்குவார்கள். உப்பு 5 கிலோவுக்கு 50 கிராம், நன்றாகக் காயவைத்துத் தூளாக்கியது, தொடக்கத்துக்குச் சரியான அளவு.

பனங்கட்டி சேர்க்கலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். சுவை நன்றாக இருக்கும், விலையும் கிடைக்கும். ஆனால் பனங்கட்டி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், அந்த ஈரம் பசைக்குள் போனவுடன் அது இறுகிக் கட்டியாகும், நாள் தாங்குவதும் குறையும். தேனும் இதே கதைதான். தனியாகச் சிறு அளவில் செய்து பார்க்கலாம், முதல் விற்பனையில் வேண்டாம்.

எவ்வளவு நாள் தாங்கும் என்பதை வெளியிலிருந்து யாரும் இத்தனை மாதம் என்று எழுதித் தர முடியாது. சூடு, வெளிச்சம், போத்தலுக்குள் மிஞ்சும் காற்று மூன்றும்தான் எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கின்றன, அந்த மூன்றும் வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே நீங்களே அளக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று போத்தல் விற்காமல் வையுங்கள்: ஒன்று பிரிஜ்ஜில், ஒன்று அலுமாரியில், ஒன்று தகரக் கூரைக்குக் கீழே வெளிச்சம் படும் தட்டில். கிழமைக்கொரு தடவை மூன்றையும் மணந்து, சிறிது நாக்கில் வைத்துப் பாருங்கள். பிரிஜ்ஜில் உள்ளதுதான் ஒப்பிடும் அளவுகோல். தகரக் கூரைப் போத்தலில் பழைய எண்ணெய் வாடை அடிக்கும் நாளைக் குறியுங்கள். அலுமாரிப் போத்தல் அதைவிடக் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் தகரக் கூரை நாளையே உங்கள் எல்லையாக எடுத்து அதற்குள் முடிவுத் திகதி போடுங்கள். கடைக்காரர் உங்கள் போத்தலை எங்கே வைப்பார் என்பது உங்கள் கையில் இல்லை அல்லவா. முதல் தொகுதிக்கு இந்த அளவு கிடைக்க முன்னரே திகதி போட வேண்டியிருக்கும். ஒரு மாதம் என்று போட்டுத் தொடங்குவது நிதானமானது. நிரப்பும்போது வாய் வரை நிரப்பிக் காற்றைக் குறையுங்கள்.

எங்கே விற்பது என்பதில்தான் நீங்கள் பொங்கலைச் சொன்னதை மறுக்கிறேன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வருகிற சனத்துக்குக் கச்சான் விற்காமல் போகாது, பட்டரும் போகும். ஆனால் வாங்கியவர் மறுநாள் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருப்பார். எண்ணெய் சிக்கடித்தாலும் உங்களுக்குத் தெரியவராது, பிரச்சினை வந்தால் போத்தலைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை. ஏ9 வீதியோரக் கடையும் இதே மாதிரி, அதற்கு மேல் "விற்ற பிறகு காசு" என்பார்கள், போத்தல் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் காயும். தொடக்கத்துக்கு ஒரே முகங்கள் திரும்பி வரும் இடம்தான் வேண்டும்: உங்கள் ஊர்ச் சந்தை, பிள்ளையின் பாடசாலைப் பெற்றோர், கிளிநொச்சியில் அலுவலகத்துக்குப் போகும் நாலு பேர். இருபது வீடு போதும். சொந்தக்காரரை அந்த இருபதில் சேர்க்காதீர்கள், "நல்லாயிருக்கு" என்பதற்கு மேல் அவர்கள் சொல்லமாட்டார்கள். கேட்கும்போதும் "எப்படி இருந்தது" என்று கேட்டால் நல்ல வார்த்தைதான் வரும். எதோடு சாப்பிட்டீர்கள், எத்தனை நாளில் முடிந்தது, அடியில் மிச்சம் கட்டியாக நின்றதா, பிள்ளை பாணில் பூசச் சொல்லிக் கேட்டதா என்று கேளுங்கள். முதல் போத்தலை ஆட்கள் உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். இரண்டாவது போத்தலுக்குத் தாங்களாகவே காசு நீட்டினால்தான் பொருள் பிடித்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு கொப்பி வேண்டும். தொகுதி இலக்கம் திகதியாகவே இருக்கட்டும். எந்தப் பாத்திக் கச்சான், எத்தனை கிலோ உள்ளே போனது, தெரிவில் எத்தனை கிலோ போனது, வறுவல் நேரம், உப்பு, எத்தனை போத்தல், யாருக்கு, அவர்கள் தொலைபேசி இலக்கம். ஒரு போத்தலில் கோளாறு என்று தெரிந்தால் அன்றைக்கே அந்தத் தொகுதி வாங்கிய எல்லோருக்கும் அழைத்துத் திருப்பி எடுக்க முடிய வேண்டும். 5 கிலோத் தொகுதி என்றால் ஏறக்குறைய 25 போத்தல், கூடினால் அத்தனை அழைப்பு. 50 கிலோவாக ஒரேயடியாக அரைத்தால் இது கைமீறிவிடும். திருத்தும்போது ஒரு தொகுதியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வறுவலையும் உப்பையும் சேர்த்து மாற்றிவிட்டு "இந்தமுறை நல்லாயிருக்கு" என்று கேட்டால், எது நல்லது செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

விலையை "இப்ப குறை இருக்குதானே" என்று இறக்கி வைக்காதீர்கள். பிறகு ஏற்றுவது மிகவும் கஷ்டம். தெரிவுக்குப் போகும் கூலியையும் எறியும் பருப்பையும் முழுதாகக் கணக்கில் ஏற்றுங்கள், ஏனென்றால் நட்டம் வரும் நாளில் முதலில் கைவிடப்படுவது தெரிவுதான். தயங்குகிறவருக்கு 100 கிராம் போத்தல் கொடுங்கள்.

பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் வீட்டுக்குக் கிட்டவே இடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவத்துக்கான தேசிய நிறுவகம் அனுராதபுரத்தில். அஃப்லாடொக்சின் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை முதலில் கேட்டுக்கொண்டு, பல போத்தல்களிலிருந்து கலந்தெடுத்த மாதிரியாகக் கொடுங்கள்.

மெசினுக்கு வருகிறேன். அந்த இருபது வீடும் கேட்கும் அளவை உங்கள் கிரைண்டர் அரைத்து முடிக்க முடியாமல் போகும்போது, அல்லது கொப்பியில் பெரும்பாலானோர் நைசாக வேண்டும் என்று கேட்டிருக்கும்போது வாங்குங்கள். அதுவரை கிரைண்டரை ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு அரைத்தால் போதும், கை பொறுக்காத சூடு ஏறவிடாதீர்கள். வாங்கும்போது கொலாய்ட் மில் என்று விற்பதைத்தான், அதாவது இரண்டு தட்டுக்கு இடையில் பசையாக அரைக்கும் மெசினைத்தான், காட்டுவார்கள். காசு கொடுக்க முன்னர் உங்கள் வறுத்த பருப்பில் 5 கிலோவைக் கொண்டுபோய் அவர்கள் கண்முன்னால் அரைக்கச் சொல்லுங்கள். வெளியே வரும் பசையின் சூட்டைத் தெர்மோமீட்டரால் அளந்து பாருங்கள். 70 பாகையைத் தாண்டினால் தட்டு இடைவெளியைக் கூட்டி முதல் ஓட்டம், குறைத்து இரண்டாம் ஓட்டம் என்று அரைக்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீரால் குளிரவைக்கும் வகை என்றால் சீலில் கசிவு இருக்கிறதா என்று அரைத்து முடித்த பிறகு கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு துளி உள்ளே போனாலும் பசை அங்கேயே இறுகும். உங்கள் வீட்டு மின்சாரம் ஒற்றைக் கட்டமா (சிங்கிள் பேஸ்) மூன்று கட்டமா (த்ரீ பேஸ்) என்பதையும் மோட்டாரின் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.